பேலன்ஸ் ஷீட்டில் ஏறாத நற்பெயர்

(பிப்ரவரி மாத மூத்தோர் மாலைச் சந்திப்பில் நமது கிளப் ஹவுஸில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை இந்த மேடைக்குக் கூப்பிட்டால் வழக்கமாக 15எச் படிவம், நாமினி மாற்றம், லாக்கர் ஒப்பந்தம் இப்படி ஏதாவதுதான் பேசச் சொல்வார்கள். இந்தத் தடவை நம் சங்கச் செயலாளர், "சார், உங்களுக்குப் பிடிச்ச விஷயம் எதையாவது பேசுங்க" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதன் பலனை இன்னும் அரை மணி நேரம் நீங்கள் அனுபவிக்க வேண்டும். நான் பேசப்போவது பேஸ்பால் பற்றி. எழுந்து போக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: பஜ்ஜியும் காபியும் பேச்சு முடிந்த பிறகுதான்.

பேஸ்பால் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். ஆட்டத்தைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. ஆட்டம் நடக்காத மாதங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கிரிக்கெட்டில் நமக்கே இது நன்றாகத் தெரியும். போன நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ், ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியபோது நம் லிஃப்டில் நடந்த விவாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் ஃபோரும் அடித்துக் கோப்பை வாங்கித் தந்தவரை அனுப்பலாமா என்று ஒரு கட்சி. வயது என்ன, இனி எத்தனை வருஷம் ஆடுவார் என்று இன்னொரு கட்சி. மூன்றாவது மாடியில் தொடங்கிய வாதம் தரைத்தளம் வந்தும் முடியவில்லை. அதே நவம்பரில் தொடங்கி, அதே வாதம் எனக்குள் மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு வாய்த்த அணி நியூயார்க் மெட்ஸ்.

ஏன் மெட்ஸ்? என் மகள் குடும்பம் நியூயார்க்கில் குயின்ஸ் பகுதியில் இருக்கிறது. ஓய்வு பெற்ற மறுவருஷம், 2022இல், முதல் முறையாகப் போனோம். அங்கே ஃப்ளஷிங்கில் நம் பிள்ளையார் கோயில் இருக்கிறது. கீழே கேன்டீனில் தோசை கிடைக்கும். அங்கிருந்து சற்றுத் தூரத்திலேயே சிட்டி ஃபீல்ட் மைதானம். நாற்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். காலையில் பிள்ளையார், மத்தியானம் தோசை, சாயங்காலம் மெட்ஸ் என்று பேரன் எனக்கு அட்டவணை போட்டான். அந்த வருஷம் அணி 101 ஆட்டம் ஜெயித்தது. அப்போது பிடித்த பித்து இன்னும் தெளியவில்லை. அங்கே இரவு 7.10க்குத் தொடங்கும் ஆட்டம் கோடைக்காலத்தில் நமக்கு விடிகாலை 4.40. அந்த நேரத்தில் எங்கள் வீட்டு விளக்கு எரிவதைப் பார்த்து யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சிலர் விசாரித்திருக்கிறீர்கள். நன்றி. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

பேஸ்பால் சீசன் மார்ச் கடைசியில் தொடங்கும். ஒரு அணிக்கு 162 ஆட்டம். அக்டோபரில் தகுதி பெற்ற அணிகளுக்கு நாக்-அவுட் சுற்றுகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஆட்டம் கிடையாது. அந்தக் குளிர்காலத்தில்தான் யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது, யாருக்கு எத்தனை வருஷம், எவ்வளவு பணம் என்ற முடிவெல்லாம். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து குளிர்காய்ந்தபடி ஊர்க்காரர்கள் இதையே பேசுவார்களாம். அதனால் அந்தப் பருவத்துக்கே 'சூடான அடுப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்த் திண்ணைதான், அங்கே அடுப்பு.

என் அணியின் இந்தக் குளிர்கால முடிவுகளைச் சொல்வதற்கு முன்னால் ஒரு பழைய கணக்கு. கணக்கு என்றதும் முகத்தைச் சுளிக்க வேண்டாம், கூட்டு வட்டிதான்.

பாபி போனியா என்று ஒரு ஆட்டக்காரர். 2000ஆம் வருஷத்துக்கு மெட்ஸ் அவருக்கு 59 லட்சம் டாலர் தர வேண்டியிருந்தது. அவர் ஆட்டம் இறங்கிவிட்டது. ஆளை விடுவித்தாலும் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். அவருடைய ஏஜென்ட்டும் அணியும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். இப்போது ஒரு பைசாவும் வேண்டாம். 8 சதவீத வட்டி போட்டு, 2011இலிருந்து 2035 வரை 25 வருஷம் ஒவ்வொரு ஜூலை 1ஆம் தேதியும் கொடுங்கள். தவணை 11,93,248 டாலர். மொத்தம் கிட்டத்தட்ட 2 கோடியே 98 லட்சம் டாலர். 1963இல் பிறந்தவர், 72 வயது வரை வாங்குவார். ஆடுவதை நிறுத்தி இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அமெரிக்காவில் ஜூலை 1ஆம் தேதியை 'பாபி போனியா தினம்' என்றே சொல்லிச் சிரிக்கிறார்கள். மெட்ஸ் ரசிகன் தலைகுனிந்து நடக்க வேண்டிய நாள்.

நான் ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 59 லட்சம், 8 சதவீதம், பத்து வருஷம்: 1 கோடியே 27 லட்சம் ஆகிறது. அதை 25 சம வருஷத் தவணையாக, அதே 8 சதவீதத்தில் பிரித்தால் சரியாக 11 லட்சத்து 93 ஆயிரம் வருகிறது. ஏமாற்று வேலை எதுவும் இல்லை. நம் வீட்டுக்கடன் தவணையைத் தலைகீழாகத் திருப்பியதுதான் அது. சிரிக்கிறவர்கள் தவணையைப் பார்க்கிறார்கள், வட்டி விகிதத்தையும் காலத்தையும் பார்ப்பதில்லை.

அன்றைய உரிமையாளர் குடும்பம் ஏன் 8 சதவீதத்துக்குச் சம்மதித்தது? அவர்கள் பணம் பெர்னார்ட் மேடாஃப் என்பவரிடம் இருந்தது. அங்கே அதைவிட அதிகம் வருவதாகக் காகிதம் காட்டியது. 2008 டிசம்பரில் அது முழுக்க மோசடி என்று தெரிந்து உலகமே அதிர்ந்தது. ஆகவே போனியா கணக்கில் கோளாறு இல்லை. அந்தப் பக்கம் வருமானம் வரும் என்ற நம்பிக்கையில்தான் கோளாறு.

இன்னொன்றையும் பாருங்கள். போனியாவை விட்ட அதே குளிர்காலத்தில் மெட்ஸ், மைக் ஹாம்ப்டன் என்ற பிட்சரை வாங்கியது. பிட்சர் என்றால் நம் பவுலர். 2000இல் அவர் தோளில் ஏறி அணி இறுதிச் சுற்றான உலகத் தொடர் வரை போனது. யாங்கீஸிடம் தோற்றது. ஹாம்ப்டன் ஒரே வருஷத்தில் அதிகப் பணத்துக்கு வேறு அணிக்குப் போய்விட்டார். போனதற்கு ஈடாக மெட்ஸுக்குப் புதுமுகத் தேர்வில் ஒரு கூடுதல் வாய்ப்பு கிடைத்தது. அதில் 2001இல் எடுத்த பையன்தான் டேவிட் ரைட். பதினான்கு சீசன், வேறு சட்டையே போடவில்லை. அணியின் கேப்டனானார். போன ஜூலையில் அவருடைய 5ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று மைதானத்தில் மரியாதை செய்தார்கள். போனியாவை விட்டதால்தான் ரைட் வந்தார் என்று நேர்கோடு போட மாட்டேன். ஒரு குளிர்காலத்தின் முடிவு எங்கே போய் நிற்கும் என்று அந்தக் குளிர்காலத்திலேயே சொல்ல முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். இப்போது நான் சொல்லப்போகும் என் தீர்ப்புகளையும் அந்த எச்சரிக்கையோடு கேளுங்கள்.

இப்போதைய உரிமையாளர் ஸ்டீவ் கோஹன், 2020இல் வாங்கினார். பணத்துக்குக் குறைவில்லாதவர். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு டேவிட் ஸ்டெர்ன்ஸ் என்பவரிடம். 2024 டிசம்பரில் இவர்கள் ஹுவான் சோட்டோ என்ற 26 வயது ஆட்டக்காரரை 15 வருஷத்துக்கு, 76.5 கோடி டாலருக்கு எடுத்தார்கள். விளையாட்டு உலகமே வாயைப் பிளந்தது. 2025 ஜூன் 12ஆம் தேதி அணி 45 வெற்றி, 24 தோல்வி. மொத்த லீக்கிலும் முதலிடம். கோயில் கேன்டீனில் தோசைக்கு நிற்கிறவர்கள்கூட அக்டோபர் டிக்கெட் பற்றிப் பேசியதாக மகள் சொன்னாள்.

அந்த ஜூன் 12 ஆட்டத்தில் ஒரு சம்பவம். செங்கா என்ற ஜப்பானியப் பிட்சர், அந்தச் சமயத்தில் எங்கள் முதல்தரப் பிட்சர், முதல் பேஸை நோக்கி ஓடினார். முதல் பேஸ்காரர் பந்தை அவருக்கு வீசினார். பந்து சற்று உயரமாகப் போய்விட்டது. செங்கா எம்பிப் பிடித்தார். இறங்கும்போது தொடைத் தசை பிடித்துக்கொண்டது. ஆட்டத்தை ஜெயித்தோம், அவரை இழந்தோம். அதற்குப் பிறகு 38 வெற்றி, 55 தோல்வி. கடைசி நாள், செப்டம்பர் 28, மயாமியில் நாங்கள் ஜெயித்து, சின்சினாட்டி தோற்றால் உள்ளே போகலாம் என்ற நிலை. 4-0 என்று தோற்றோம். 83-79 என்று சீசன் முடிந்தது. சின்சினாட்டி அணியும் அதே 83-79தான். ஆனால் சமநிலை விதிப்படி அவர்கள் உள்ளே, நாங்கள் வெளியே. இங்கே திங்கட்கிழமை அதிகாலை. நான் டீவியை அணைத்துவிட்டுப் பால் பாக்கெட்டை எடுக்கப் போனேன்.

உயரமாகப் பந்தை வீசிய அந்த முதல் பேஸ்காரர் பெயர் பீட் அலோன்சோ. இனி வரும் கதை பெரும்பாலும் அவரைப் பற்றியதுதான்.

அலோன்சோவை மெட்ஸ் 2016இல் கல்லூரியிலிருந்து எடுத்து வளர்த்தது. 2019இல் முதல் சீசனிலேயே 53 ஹோம் ரன். ஹோம் ரன் என்றால் சிக்ஸர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுமுகம் ஒருவர் அதற்கு முன்னால் யாரும் அவ்வளவு அடித்ததில்லை. போன ஆகஸ்டில், மெட்ஸ் சரித்திரத்திலேயே அதிக ஹோம் ரன் அடித்தவர் என்ற இடத்துக்கு வந்தார். மொத்தம் 264. போன சீசனில் மட்டும் 38. பேரன் போட்டுக்கொண்டு திரியும் சட்டையில் இருப்பது அவருடைய 20ஆம் எண்.

இந்தக் குளிர்காலத்தில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நவம்பரில் பிராண்டன் நிம்மோவை டெக்சாஸுக்குக் கொடுத்து மார்கஸ் செமியனை வாங்கினார்கள். நிம்மோ 2011இல் மெட்ஸ் எடுத்து வளர்த்த பையன். டிசம்பரில் எட்வின் டியாஸ் டாட்ஜர்ஸ் அணிக்குப் போனார். அதே வாரம் அலோன்சோ பால்டிமோருக்குப் போனார்: ஐந்து வருஷம், 15.5 கோடி டாலர். அந்த மாதமே ஜெஃப் மெக்நீலையும் அனுப்பினார்கள். அவர் 2022இல் தேசிய லீகின் பேட்டிங் சராசரியில் முதலிடம் பெற்றவர், அவரும் வீட்டில் வளர்ந்த பிள்ளை. வந்தவர்கள்: டெவின் வில்லியம்ஸ், மூன்று வருஷம். ஹோர்ஹே போலன்கோ, இரண்டு வருஷம். போ பிஷெட், மூன்று வருஷம், 12.6 கோடி டாலர். ஜனவரியில் லூயிஸ் ராபர்ட், ஃப்ரெடி பெரால்டா இருவரையும் மற்ற அணிகளிடமிருந்து பரிமாற்றமாக வாங்கினார்கள்.

இந்தப் பட்டியலில் பணத்தை மறந்துவிட்டு வருஷத்தை மட்டும் பாருங்கள். மூன்று, இரண்டு, மூன்று. பெரால்டா ஒப்பந்தத்தில் மிச்சம் இருப்பது ஒரே வருஷம். நிம்மோவுக்கு மிச்சம் ஐந்து வருஷம், அவருக்குப் பதில் வந்த செமியனுக்கு மூன்று. வங்கியில் வேலை பார்த்தவனுக்கு இது உடனே புரியும். கடனில் தொகையைவிடக் காலம்தான் முக்கியம். 26 வயதுப் பையன் வீட்டுக்கடன் கேட்டு வந்தால் இருபது வருஷம் தருவோம். 55 வயதுக்காரர் வந்தால், எவ்வளவு நல்ல மனுஷராக இருந்தாலும், ஓய்வு பெறும் தேதியைப் பார்த்துத்தான் தவணை போடுவோம். அவர் மேல் மரியாதை இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. சோட்டோவுக்குப் பதினைந்து வருஷம் கொடுத்த அதே ஆள் அலோன்சோவுக்கு ஐந்து கொடுக்க மறுத்ததன் சூட்சுமம் இதுதான். அலோன்சோவுக்கு டிசம்பரில் 31 வயது முடிந்தது. ஓரியோல்ஸ் ஒப்பந்தம் முடியும்போது 35. முதல் பேஸில் நிற்கும் கனத்த உடம்புக்காரர்கள் அந்த வயதில் எப்படித் தேய்ந்து போனார்கள் என்பதற்கு பேஸ்பாலில் உதாரணம் நிறைய.

பணம் இல்லாமல் விட்டார்கள் என்று சொல்ல முடியாது. பிஷெட்டுக்கு வருஷத்துக்கு 4.2 கோடி. அலோன்சோவுக்கு ஓரியோல்ஸ் தருவது 3.1 கோடி. இதற்கு மேல் ஒரு வரி இருக்கிறது. இந்த வருஷம் ஒரு அணியின் சம்பளப் பட்டியல் 30.4 கோடி டாலரைத் தாண்டினால், தொடர்ந்து வரம்பு மீறும் மெட்ஸ் போன்ற அணி அதற்கு மேல் போகும் ஒவ்வொரு டாலருக்கும் 110 சதவீதம் அபராத வரி கட்ட வேண்டும். நூறு ரூபாய் சம்பளம், நூற்றுப்பத்து ரூபாய் வரி. வருமான வரி அதிகம் என்று புலம்புகிற நமக்கு இது ஆறுதலாக இருக்கட்டும். அந்த வரம்புக்கு மேலே பார்த்தால் பிஷெட்டின் 4.2 கோடி உண்மையில் 8.8 கோடி. இதைக் கட்டத் தயாராக இருக்கிறவர் அலோன்சோவின் 3.1 கோடிக்குப் பயந்திருக்க மாட்டார். பயந்தது நான்காவது, ஐந்தாவது வருஷத்துக்கு.

அலோன்சோ பக்கமும் ஒரு கணக்கு சொல்ல வேண்டும், அவர் என் பேரனின் ஆள். 2023இல் மெட்ஸ் அவருக்கு ஏழு வருஷத்துக்கு 15.8 கோடி தருவதாகச் சொன்னதாகவும் அவர் மறுத்ததாகவும் செய்தி வந்தது. எல்லோரும் அவரைப் பேராசைக்காரர் என்றார்கள். போன வருஷம் சந்தையில் அவர் எதிர்பார்த்தது கிடைக்காமல் குறுகிய ஒப்பந்தத்துக்குத் திரும்பி வந்தபோது, பார்த்தாயா என்றார்கள். இப்போது கூட்டுங்கள். 2024இல் 2.05 கோடி, 2025இல் 3 கோடி, இப்போது ஐந்து வருஷத்துக்கு 15.5 கோடி. அதே ஏழு வருஷத்துக்கு 20.55 கோடி. மறுத்ததில் அவருக்கு லாபம் 4.75 கோடி டாலர். நடுவில் சிரித்தவர்கள் கணக்கு முடியும் முன்பே கோடு போட்டுவிட்டார்கள்.

ஆகவே அலோன்சோ விஷயத்தில் என் தீர்ப்பு: அவர் கேட்டது நியாயம், அணி மறுத்ததும் நியாயம். வியாபாரத்தில் இரண்டு பேரும் நியாயமாக நடந்து பிரிவது உண்டு.

அணி சொல்லும் காரணம், இனி ரன் அடிப்பதைவிட ரன் கொடுக்காமல் இருப்பதில் கவனம் வைக்க வேண்டும் என்பது. ஜூன் 12ஆம் தேதி அந்த உயரமான பந்தைப் பார்த்தவன் அதை மறுக்க முடியாது. செமியன் தங்கக் கையுறை விருது வாங்கிய ஃபீல்டர். அங்கே சரி. ஆனால் அலோன்சோ நின்ற முதல் பேஸுக்கு இப்போது போலன்கோவைச் சொல்கிறார்கள். அவர் இத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் கிட்டத்தட்ட நின்றதே இல்லை. பிஷெட் மூன்றாவது பேஸில் நிற்பாராம். பெரிய லீக்கில் அவர் அங்கே நின்றதில்லை. ஃபீல்டிங்கைச் சரி செய்கிறோம் என்று சொல்லிவிட்டு, இரண்டு மூலையிலும் அந்த இடத்துக்குப் புதியவர்களை நிறுத்தினால், சொல்லும் காரணமும் செய்யும் காரியமும் ஒத்துப்போகவில்லை. வவுச்சரும் லெட்ஜரும் பொருந்தாத இடத்தில் ஆடிட்டர் சிவப்பு மையை எடுப்பார்.

இப்போது நான் ஏற்கவே முடியாத முடிவு. அது எட்வின் டியாஸ்.

டியாஸ், ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் வந்து முடித்துக் கொடுக்கும் பிட்சர். 2022இல் நான் நேரில் பார்த்தேன். எட்டு இன்னிங்ஸ் முடிந்து, மெட்ஸ் முன்னணியில் இருந்தால், மைதானத்தின் ஓரத்தில் ஒரு கதவு திறக்கும். ஒலிபெருக்கியில் டிரம்பெட் இசை தொடங்கும். அவர் மெல்ல ஓடி வருவார். நாற்பதாயிரம் பேரும் எழுந்து நிற்பார்கள். சாமி புறப்பாட்டுக்கு மேளம் கொட்டுவது மாதிரி எனக்கு இருந்தது. கையெடுத்துக் கும்பிடாத குறை. போன சீசனில் அவர் சராசரியாக ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்தது 1.63 ரன். அவருக்குப் பதில் எடுத்த டெவின் வில்லியம்ஸ், போன சீசனில் யாங்கீஸுக்காகக் கொடுத்தது 4.79. முந்தைய வருஷங்களில் அவரும் சிறந்தவர்தான், திரும்ப எழலாம். ஆனால் விஷயம் அதுவல்ல. டியாஸ் டாட்ஜர்ஸுடன் போட்டது மூன்று வருஷ ஒப்பந்தம், 6.9 கோடி. மெட்ஸ் சொன்ன தொகை அதே மூன்று வருஷத்துக்கு 6.6 கோடி என்று செய்தி வந்தது. அலோன்சோவை விட்டதற்குக் காலத்தைக் காரணமாகச் சொன்னோம். இங்கே காலம் ஒன்றுதான். மூன்று வருஷத்துக்கு 30 லட்சம் டாலர் வித்தியாசம். வரியையும் சேர்த்தால் 63 லட்சம். 76.5 கோடி கொடுத்த கை அங்கே போய்ச் சுருங்கியது. போனது எந்த அணிக்கு? இரண்டு வருஷமாகக் கோப்பையைக் கையில் வைத்திருக்கும் அணிக்கு. 2024இல் எங்களைத் தோற்கடித்து இறுதிக்குப் போன அணிக்கு. கொள்கை என்றால் அதை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். இது கொள்கையால் நேர்ந்த இழப்பே இல்லை, பேரத்தில் நேர்ந்த இழப்பு.

கடைசியாக ஒன்று. இதுதான் என்னை அதிகம் உறுத்துவது.

நான் பி.காம். படித்தபோது குட்வில் என்று ஒரு பாடம். நற்பெயர். அதில் ஒரு விதி உண்டு. ஒரு நிறுவனம் வேறொன்றை விலைக்கு வாங்கும்போது அதன் நற்பெயருக்குக் கொடுத்த தொகையைப் பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்டலாம். ஆனால் தானே வருஷக்கணக்கில் உழைத்து வளர்த்த நற்பெயரைக் காட்டக் கூடாது. அதற்கு விலை போட முடியாது என்பதால் கணக்கில் ஏறாது. விதி சரியானதுதான். ஆனால் கணக்கில் ஏறாததால் அது இல்லை என்று ஆகிவிடாது.

நிம்மோ, மெக்நீல், அலோன்சோ மூவரும் மெட்ஸ் தானே வளர்த்தவர்கள். ஒவ்வொருவரையும் விட்டதற்குத் தனித்தனியாகக் கேட்டால் நல்ல காரணம் இருக்கிறது. நானே சொல்லிவிட்டேன். ஆனால் மூவரையும், கூடவே டிரம்பெட் ஒலித்து வரும் டியாஸையும், ஒரே குளிர்காலத்தில் வெளியே அனுப்பினார்கள். இதை நான் ஒரு தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2000-01இல் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது இங்கே பலருக்கு நினைவிருக்கும். நாடு முழுவதும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வெளியே போனார்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களிலேயே இரண்டு மூன்று பேர் அப்படி வந்தவர்கள். நான் அப்போது ஒரு சின்ன ஊர்க் கிளையில் கிளார்க். எங்கள் கிளையில் நான்கு மூத்தவர்கள் ஒரே மாதத்தில் மாலை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒவ்வொருவருக்கும் அது நல்ல முடிவு. வங்கிக்கும் சம்பளச் செலவு குறைந்தது, அது அடுத்த கணக்கிலேயே தெரிந்தது. தெரியாதது ஒன்று இருந்தது. எங்கள் தலைமை கேஷியர் மாதிரிக் கையெழுத்து அட்டையைப் பார்க்காமலே ஊர்க்காரர்கள் கையெழுத்தைச் சொல்லிவிடுவார். யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்று தெரிந்து பேசுவார். அவர் போன மாதம் ஒன்றாம் தேதி பென்ஷன் வரிசை வாசல் தாண்டி நின்றது. ஒரு பெரியவர் கவுன்டர் வரை வந்தார். "அவர் இல்லீங்களா?" என்றார். இல்லை என்றதும் பாஸ்புக்கை மடித்து வைத்துக்கொண்டு, "நாளைக்கு வரேன்" என்று போய்விட்டார். நாளைக்கும் அவர் இருக்கப்போவதில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவர் போனால் மற்றவர் தாங்குவார்கள். நான்கு பேர் சேர்ந்து போனால் அங்கே நடந்த இருபது வருஷமும் சேர்ந்து போய்விடுகிறது.

அலோன்சோ போன செய்தி வந்த அன்று பேரன் போன் செய்தான். பன்னிரண்டு வயது. "தாத்தா, இனிமே இந்தச் சட்டையைப் போடலாமா?" என்றான். தாராளமாகப் போடு, அந்த 264உம் மெட்ஸ் கணக்கில்தான் இருக்கிறது, அதை யாரும் பால்டிமோருக்கு மாற்ற முடியாது என்றேன். சரி என்றான். ஆனால் அவன் கேட்டது சட்டையைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும். யாரை நம்பி ஒரு அணியை நேசிப்பது என்று கேட்டான். அதற்கு டேவிட் ஸ்டெர்ன்ஸின் கணக்கில் வரி கிடையாது. அதை அவர் மறந்துவிடக் கூடாது என்பதுதான் என் கட்சி. நிம்மோவையோ மெக்நீலையோ இன்னும் ஒரு வருஷம் வைத்திருக்கலாம். பழைய முகம் ஒன்றாவது புதியவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டியிருக்கும்.

இனி என்ன பார்ப்பேன்? முதல் மாதத்தில் ஸ்கோரைவிட முதல் பேஸையும் மூன்றாம் பேஸையும் பார்ப்பேன். வில்லியம்ஸ் ஒன்பதாவது இன்னிங்ஸில் என்ன செய்கிறார் என்று பார்ப்பேன். பெரால்டா போன வருஷம் மில்வாக்கிக்கு 17 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தவர். அவரைப் போன்ற ஒரு பிட்சர் போன செப்டம்பரில் இருந்திருந்தால் மயாமியில் கதையே வேறு. வந்தவர்களில் அவர்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். அலோன்சோவின் நான்காவது வருஷம் எப்படி இருக்கிறது என்று 2029இல் பார்ப்பேன். அப்போதுதான் இந்தக் கணக்கு முடியும். மெட்ஸ் கடைசியாகக் கோப்பை வாங்கியது 1986இல். நான் வங்கியில் சேர்ந்து இரண்டு வருஷம். இடையில் நாற்பது வருஷம் ஆகிவிட்டது. 2029 வரை காத்திருப்பது பெரிய விஷயமில்லை.

"இவ்வளவு குறை சொல்றீங்களே, வேற அணிக்கு மாறிடலாமே" என்று வாக்கிங்கில் ஒரு நண்பர் கேட்டார். ஆட்டக்காரர்கள் மாறலாம், உரிமையாளர்கள் மாறலாம், அதெல்லாம் அவர்கள் பிழைப்பு. ரசிகனுக்கு ஒப்பந்தக் காலம் என்று ஒன்று கிடையாது. மார்ச் கடைசி வாரம் சீசன் தொடங்குகிறது. விடிகாலையில் எங்கள் வீட்டு விளக்கு எரிந்தால் கதவைத் தட்டுங்கள். காபி போட்டுத் தருகிறேன்.

 பஜ்ஜி தயாராக இருக்கிறது என்று சைகை வருகிறது.